எப்போதாவது வரும் புகை: நிறத்துக்கு முன்னால் நேரத்தைப் பாருங்கள்

கொல்லிமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். எழுபது கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் என்ஜின் பிடிப்பிலேயே காரை இறக்கி வந்து, காரவள்ளி அடிவாரத்தில் சமதரை தொட்டதும் காலை அழுத்தினேன். பின்னால் பைக்கில் வந்த இரண்டு பேர் காணாமல் போனார்கள். கண்ணாடியில் பார்த்தால் ரோட்டை அடைத்துக்கொண்டு நீலமாக ஒரு திரை. நூறு மீட்டர் போவதற்குள் நின்றுவிட்டது. அங்கிருந்து நாமக்கல் வரை ஒரு பொட்டுப் புகை இல்லை.

மறுநாள் ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். நிறுத்தி வைத்து ரேஸ் பண்ணிப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. “ரிங் போயிருக்கும் சார், என்ஜினை இறக்கிடலாம்” என்று நாற்பத்தைந்தாயிரத்துக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். ரிங் என்றால் பிஸ்டனைச் சுற்றி அடைப்பாக இருக்கும் வளையம். புகையைக் கண்ணால் பார்க்காமலே எழுதிய சீட்டு. கடைசியில் அந்த வேலை நாலாயிரத்துக்குள் முடிந்தது. அது எப்படி என்று கீழே வருகிறது.

எப்போதும் புகைக்கிற காரைக் கண்டுபிடிப்பது சுலபம். எப்போதாவது புகைக்கிற கார்தான் பணத்தைக் கரைக்கும். மெக்கானிக் பார்க்கும்போது புகைக்காது, அதனால் ஊகத்தில் வேலை நடக்கும். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், நீலம் என்றால் ஆயில், வெள்ளை என்றால் தண்ணீர் என்ற பாடம் எல்லோருக்கும் தெரியும். பாடம் சரிதான். ஆனால் இரவில் மஞ்சள் விளக்கின் கீழே நீலமும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும். எதிர்வெயிலில் நீலப் புகை சாம்பலாகத் தெரியும். எந்த நேரத்தில், என்ன செய்தபோது வந்தது என்ற தகவல் அப்படி ஏமாற்றாது. அதனால் இந்தக் குறிப்பை நிறத்தை வைத்துப் பிரிக்காமல் நேரத்தை வைத்துப் பிரித்திருக்கிறேன்.

முதலில் புகையைக் கையும் களவுமாகப் பிடியுங்கள்

ஒரு வாரம் எதையும் கழற்ற வேண்டாம். மூன்று வேலை மட்டும் செய்யுங்கள்.

ஆயில் கம்பியில் இன்றைய அளவைப் படம் எடுத்து வையுங்கள். சமதரையில், என்ஜின் ஆறிய பிறகு பார்க்க வேண்டும். கூலன்ட் டப்பாவில் இன்றைய மட்டத்துக்கு நேரே மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பிரேக் ஆயில் டப்பாவிலும் ஒரு கோடு. புகை என்பது ஏதோ ஒன்று எரிவது. எரிவது எதுவானாலும் அது எங்கோ ஒரு டப்பாவில் குறைந்தாக வேண்டும்.

அடுத்து, காலை முதல் ஸ்டார்ட்டின்போது வீட்டில் யாரையாவது பின்னால் நிறுத்தி ஃபோனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விடுவது உயிருக்கு ஆபத்து, அந்தக் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ரோட்டில் வரும் புகை என்றால், நண்பரைப் பின்னால் பைக்கில் சற்றுத் தள்ளி வரச் சொல்லுங்கள். ஓட்டுபவருக்குக் கண்ணாடியில் தெரிவது பாதிதான்.

மூன்றாவது, காகிதச் சோதனை. வெள்ளைத் தாள் ஒன்றைச் சைலன்சர் வாய்க்கு ஒரு சாண் தள்ளி அரை நிமிடம் பிடித்து, வெயிலில் காய வையுங்கள். தண்ணீர் என்றால் காய்ந்ததும் தாள் பழையபடி ஆகிவிடும். ஆயில் என்றால் பஜ்ஜி வைத்த தாள் மாதிரி ஒளி ஊடுருவும் கறை நிற்கும். கரி என்றால் விரலில் ஒட்டும். கூலன்ட்டைத் தண்ணீரிலிருந்து இது பிரித்துக் காட்டாது. ஆனால் ஆயிலா இல்லையா என்ற முதல் கேள்விக்கு ஐந்து பைசா செலவில்லாமல் பதில் கிடைக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்த உடனே வருகிறது

இந்த வகையில்தான் அநாவசியப் பயம் அதிகம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். சூடான சைலன்சரில் அது கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகப் போய்விடும். குளிர்ந்த சைலன்சரில் வெள்ளையாகத் தெரியும், வாயில் சொட்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் எல்லாக் காரும் காலையில் இப்படித்தான். சமவெளியிலும் மார்கழிக் காலையில் வரும். மெல்லியதாக, வந்த வேகத்தில் காற்றில் கரைந்து, சில நிமிடத்தில் நின்றுவிட்டால் அது நீராவி. விட்டுவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஒரே ஒரு கொத்து நீலப் புகை, நாலைந்து வினாடியில் முடிந்துவிடுகிறது, பிறகு நாள் முழுக்க ஒன்றுமில்லை என்றால் வால்வு சீல் (வால்வுத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர்) மீது சந்தேகம் வையுங்கள். ராத்திரி முழுக்க ஹெட்டில் (சிலிண்டர்களுக்கு மேல் மூடி மாதிரி உட்காரும் பாகம்) தேங்கிய ஆயில், வால்வுத் தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாக சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். காலையில் அது எரிகிறது. கூடவே இன்னொன்று: சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூடான பிறகு, கொஞ்சம் ஆயில் புகையைத் தானே எரித்து மறைத்துவிடும். குளிரில் அதற்கு அந்தத் திறமை இல்லை. அதனால்தான் “காலையில் மட்டும் வருது, அப்புறம் சரியாயிடுது” என்கிறோம். சரியாகவில்லை, கண்ணில் படவில்லை. ஆயில் கம்பியின் அளவுதான் உண்மையைச் சொல்லும்.

ஸ்டார்ட் ஆகும்போது ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங், கார் குலுங்குகிறது, கூடவே அடர்த்தியான வெள்ளைப் புகை, ஒன்றிரண்டு நிமிடத்தில் என்ஜின் தேறிவிடுகிறது. இது மோசமான அறிகுறி. இரவில் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்து நிற்கிறது. கீழே ‘வெள்ளைப் புகை, கூலன்ட் குறைகிறது’ என்ற பகுதிக்கு நேராகப் போங்கள், அதுவரை நீண்ட பயணம் வேண்டாம்.

டீசல் காரில் குளிர்ந்த காலையில் வெள்ளைப் புகை, கண் எரிகிறது, டீசல் வாடை தூக்கலாக இருக்கிறது என்றால் அது எரியாத டீசல். குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் ஒன்றோ இரண்டோ செத்திருக்கலாம். வயரைக் கழற்றி, மல்டிமீட்டரில் பிளக்கின் முனைக்கும் என்ஜின் பாடிக்கும் இடையே அளந்தால், நல்ல பிளக் பெரும்பாலும் ஒரு ஓம் பக்கத்தில் காட்டும். முடிவே இல்லாத ரெசிஸ்டன்ஸ் காட்டினால் பிளக் அவுட். பிளக் எல்லாம் சரியாக இருந்தும் புகை வந்தால் டீசலைத் தெளிக்கும் நாசில் ஒழுகல், அதற்கடுத்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) என்று பாருங்கள்.

சிக்னலில் நின்று கிளம்பும்போது, அல்லது மலை இறங்கி முடிந்ததும்

என் கார் இந்த வகை. கொல்லிமலையில் அது கூப்பாடு போட்டுச் சொன்னதை முதலில் நான் புரிந்துகொள்ளவில்லை.

பெட்ரோல் என்ஜினில் ஆக்சிலேட்டரை விட்டதும் காற்று வரும் வழியில் இருக்கும் த்ராட்டில் மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் மட்டும் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் கடுமையான வெற்றிடம் உண்டாகும். கியரில் போட்டு மலை இறங்கும்போது இந்த இழுப்பு உச்சத்தில் இருக்கும். வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் சீல் தளர்ந்திருந்தால், அந்த இழுப்பு மேலே இருக்கும் ஆயிலை உறிஞ்சி உள்ளே கொண்டுவரும். எழுபது வளைவு முழுக்க உறிஞ்சிய ஆயில் உள்ளே படிந்து கிடக்க, அடிவாரத்தில் காலை அழுத்தியதும் மொத்தமாக எரிந்து வெளியே வந்தது. ரெயில்வே கேட்டில் பத்து நிமிடம் ஐடிலில் நின்றுவிட்டுக் கிளம்பினாலும் இதே கதை, அளவுதான் குறைவு.

இதை வீட்டு வாசலிலேயே ஓரளவு சோதிக்கலாம். என்ஜின் நன்றாகச் சூடானதும் ஐந்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். பிறகு ஒரே அழுத்தாக ரேஸ் பண்ணுங்கள். முதல் அழுத்தில் நீலக் கொத்து வந்து, இரண்டாவது மூன்றாவது அழுத்தில் ஒன்றும் வராவிட்டால் வால்வு சீல் பக்கம். ஒவ்வொரு அழுத்துக்கும் விடாமல் வந்தால் ரிங் பக்கம். நான் போன வொர்க்‌ஷாப்பில் ஐடிலில் விடாமல் வந்த சூட்டோடு ரேஸ் பண்ணினார்கள். வராதது ஆச்சரியமில்லை.

எங்கள் ஊரில் லாரி வேலையிலேயே தலை நரைத்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனபோது முதலில் கம்ப்ரஷன் பார்த்தார். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) வித்தியாசத்துக்குள் நின்றன. “ரிங் நல்லா இருக்கு தம்பி. ஹெட்டைக்கூடத் தொட வேண்டாம்” என்றார். அப்புறம் அவர் செய்ததை நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். வால்வு சீலை மாற்ற ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றினால் வால்வு நழுவி சிலிண்டருக்குள் விழுந்துவிடும். அதற்காகத்தான் ஹெட்டையே இறக்குகிறார்கள். அவர் ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றை முழம் முழமாக உள்ளே விட்டார், ஒரு நுனியை வெளியே தொங்க விட்டு. பிறகு என்ஜினைக் கையால் சுற்றிப் பிஸ்டனை மேலே ஏற்றினார். சுருண்ட கயிறு மெத்தை மாதிரி வால்வுகளைக் கீழிருந்து தாங்கிக்கொண்டது. ஸ்பிரிங்கைக் கழற்றி, சீலை மாற்றி, பூட்டி, பிஸ்டனை இறக்கி, கயிற்றை உருவி அடுத்த சிலிண்டர். கயிற்றுக்குப் பதிலாகக் கம்ப்ரசர் காற்றைக் கொடுத்தும் இதைச் செய்வார்கள்.

கழற்றிய பழைய சீலையும் புதுச் சீலையும் கையில் கொடுத்தார். சுண்டுவிரல் நுனி அளவு ரப்பர் தொப்பி. புதியதை நகத்தால் அழுத்தினால் அமுங்கி மீண்டது. பழையது சட்டைப் பொத்தான் மாதிரி இருந்தது, நகம்தான் வளைந்தது. ஒன்றில் ஓரம் வெடித்திருந்தது. பதினைந்து வருடச் சூடு. எட்டு சீலும் சேர்த்து விலை சில நூறு ரூபாய், மீதியெல்லாம் கூலி.

ஒரு எச்சரிக்கை. எல்லா என்ஜினிலும் கயிற்று வேலை நடக்காது. இரட்டை கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் தண்டு) என்ஜின்களில் கேம்ஷாஃப்ட்டுகளைக் கழற்றி, டைமிங் செயினையும் பிரித்து மாட்ட வேண்டியிருக்கும். வேலையும் கூலியும் கூடும். வால்வுத் தண்டு ஓடும் குழலான வால்வு கைடே தேய்ந்து வால்வு ஆடினால், புதுச் சீல் போட்டாலும் சில மாதத்தில் பழைய கதைதான். ஸ்பிரிங்கைக் கழற்றியபோதே வால்வைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்றத்தில், ஓவர்டேக்கில், ஆள் ஏற்றிப் போகும்போது

நிறம் இங்கேதான் உதவும்.

நீலமாக வந்தால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானம். என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் மெல்லிய பாலிதீன் கவரை வையுங்கள். சூடான ஆயில் தெறிக்கும், ஐடிலிலேயே செய்யுங்கள். ஆரோக்கியமான பெட்ரோல் என்ஜினில் கவர் லேசாக உள்ளே இழுக்கப்படும். புஸ் புஸ் என்று தூக்கி எறியப்பட்டால் பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிறது. ஆனால் உடனே ரிங் என்று முடிவு கட்ட வேண்டாம். அப்படிக் கசியும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்துக்கொண்டாலும் இதேபோல்தான் எகிறும், ஏனென்றால் உள்ளே சேரும் காற்றுக்குப் போக வழி இல்லை. பல கார்களில் அது கையகலச் சாமான், சில நூறு ரூபாய். கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகட என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் பிசுக்கு ஏறி ஒட்டிக்கொண்டது. புதிய என்ஜின்கள் சிலவற்றில் இதற்குப் பதிலாக ரப்பர் டயஃப்ரம் இருக்கும். அது கிழிந்தால் தலைகீழ்: மூடியைத் திறக்கவே முடியாத அளவுக்கு உள்ளிழுக்கும், விசில் கேட்கும், ஆயில் நேராக இன்டேக்குக்குள் போகும். ரிங்குக்கு என்ஜினை இறக்குவதற்கு முன் இந்தச் சின்னச் சாமானைப் பார்க்காத வொர்க்‌ஷாப்பிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கறுப்பாக வந்தால் காற்றுக்குப் பொருந்தாத அளவு எரிபொருள். பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல்தான் சமநிலை. அது பெட்ரோல் பக்கம் நன்றாகச் சாய்ந்தால் கரி வரும். ஏர் ஃபில்டரை முதலில் பாருங்கள். அடுத்து ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தைப் பாருங்கள். காலையில் சாவியைப் போட்டதும் அன்றைய காற்றின் வெப்பம், 28 அல்லது 30 டிகிரி, காட்ட வேண்டும். மைனஸ் 40 காட்டினால் சென்சார் வயர் அறுந்திருக்கிறது. கம்ப்யூட்டர் உங்கள் காரை பனிப் பிரதேசத்தில் நிற்பதாக நினைத்துப் பெட்ரோலை ஊற்றுகிறது. வயர் விட்டு விட்டுத் தொட்டால் புகையும் விட்டு விட்டுத்தான் வரும். ஆக்சிஜன் சென்சாரும் ஒழுகும் இன்ஜெக்டரும் அதற்கடுத்து.

டர்போ டீசலில் ஏற்றத்தில் மட்டும் கறுப்பு, கூடவே பிக்கப் இல்லை என்றால், டர்போ தள்ளும் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரின் ஹோஸைத் தடவிப் பாருங்கள், முக்கியமாகக் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தை. வெடித்த ஹோஸ் ஐடிலில் மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும். டர்போ காற்று அழுத்தும்போது மட்டும் வாய் திறக்கும். விரலில் ஆயில் பிசுபிசுப்பும் அதில் ஒட்டிய மண்ணும் தட்டுப்பட்ட இடம்தான் ஓட்டை. புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு கரி ஏறித் திறந்தபடி நின்றுவிடுவதும் அடிக்கடி நடப்பது.

ஹைவேயில் ஓடி வந்து நிறுத்தும்போது

டர்போ காரில், நல்ல ஓட்டத்துக்குப் பிறகு டோல்கேட்டில் நிற்கும்போது நீலப் புகை சூழ்ந்தால் டர்போ ஆயில் கசிவு. உடனே டர்போவை மாற்றாதீர்கள். டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்கும் குழாய் அடைத்திருந்தாலும், ஆயில் போக வழியில்லாமல் ஓரமாகப் பிதுங்கும். குழாயைச் சுத்தம் செய்து, இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை வடித்துவிட்டு ஓட்டிப் பார்த்த பிறகு டர்போ விலையைக் கேளுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது

அபூர்வம், ஆனால் தெரியாதவர்கள் என்ஜினையே பிரித்துவிடுவார்கள். பிரேக் மிதித்ததும், அல்லது மிதித்துக் கொஞ்ச நேரத்தில், கெட்டியான வெள்ளைப் புகை. கூலன்ட் குறையவில்லை, ஆயிலும் குறையவில்லை, பிரேக் ஆயில் டப்பாவில் போட்ட கோட்டுக்குக் கீழே போகிறது. வெளியே எங்கும் ஒழுகல் இல்லை. மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் போய், பிரேக் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கி, வாக்குவம் ஹோஸ் வழியாக என்ஜினுக்குள் உறிஞ்சப்படுகிறது. இது புகைப் பிரச்சினை இல்லை, பிரேக் பிரச்சினை. காரை நகர்த்தாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

வெள்ளைப் புகை, கூலன்ட் குறைகிறது

சூடான என்ஜினில் வெள்ளைப் புகை கலையாமல் தொங்கிக்கொண்டு, லேசான இனிப்பு வாடையும் அடித்தால் கூலன்ட் எரிகிறது. வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் காரில் வாடை இருக்காது. போர்வெல் தண்ணீர் ஊற்றிப் பழகிய கார் என்றால் உள்ளே உப்பும் துருவும் ஏறி, ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் தகடு) உட்காரும் இடமே அரித்திருக்கக்கூடும்.

எனக்குப் பிடித்த சோதனை, கருவி எதுவும் வேண்டாதது. இரவு முழுக்க ஆறிய காரில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். ஆறிய காரில் அது தளர்வாக இருக்க வேண்டும். இன்னும் கல் மாதிரி விறைத்திருந்தால், நேற்று சிலிண்டரிலிருந்து கசிந்த வாயுவின் அழுத்தம் உள்ளே அடைந்து கிடக்கிறது. அடுத்து, ஆறிய நிலையில் மட்டும் மூடியை மெதுவாகத் திறந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தால் கேஸ்கெட் மேல் சந்தேகம் உறுதி. புதிதாகக் கூலன்ட் மாற்றியிருந்தால் மட்டும் கொஞ்ச நேரம் ஏர்லாக் குமிழி வரும், அது அடங்கிவிடும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. முகம் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீல நிற ரசாயனத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் கருவியும் உண்டு. எரிந்த வாயு கலந்தால் திரவம் மஞ்சளாகும். பிளக்குகளைக் கழற்றினால் மூன்று பழுப்பாகவும் ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல் பளிச்சென்றும் இருந்தால், கசியும் சிலிண்டர் அதுதான். ஆயில் மூடிக்கு அடியில் மோர் நிறக் குழம்பைப் பார்த்துப் பதற வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரிலும் ஈரம் சேர்ந்து அது வரும். ஆயில் கம்பியிலும் அதே குழம்பு இருந்தால்தான் கவலை.

டீசலில் ஒரு விதிவிலக்கு: கூலன்ட் குறைகிறது, வெள்ளைப் புகை வருகிறது, கேஸ்கெட் சோதனை எல்லாம் நன்றாக வருகிறது என்றால் இ.ஜி.ஆர். கூலரில் ஓட்டை இருக்கலாம். அதைத் தனியாகக் கழற்றிக் காற்று அடைத்துச் சோதிக்காமல் ஹெட்டை இறக்க விடாதீர்கள்.

ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும் என்றால், லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்து ஃபேசிங் செய்யாமல் புதுக் கேஸ்கெட் போடுவது வீண். கேஸ்கெட் ஏன் போனது என்ற கேள்விக்கும் பதில் வாங்குங்கள். ஃபேன் ஓடாததோ தெர்மோஸ்டாட் சிக்கியதோ அப்படியே இருந்தால், ஆறு மாதத்தில் இன்னொரு கேஸ்கெட்.

சர்வீஸ் முடிந்து வந்ததும்

ஆயில் கம்பியைப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே இருந்தால் அதிகமாக ஊற்றிவிட்டார்கள், உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். புகை சைலன்சரிலிருந்து வராமல் பானட்டுக்கு அடியிலிருந்து வந்தால், ஊற்றும்போது சிந்திய ஆயில் சூடான மேனிஃபோல்டில் காய்கிறது. ஒரு நாளில் நின்றுவிடும். நிற்காவிட்டால் டேப்பட் கவர் கேஸ்கெட்.

பி.எஸ்.6 டீசல்

பி.எஸ்.6 மாசு விதி வந்த 2020 ஏப்ரலிலிருந்து விற்கும் டீசல் கார்களில் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது 600 டிகிரி பக்கம் சூடேறி எரித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஐடில் கொஞ்சம் ஏறும், ஃபேன் சத்தம் போடும், சுட்ட வாடை வரும், சிலசமயம் மெல்லிய வெண்புகையும். பழுது இல்லை. பாதியில் ஆஃப் செய்யாமல் ஓட்டி முடித்துவிடுங்கள். ஆனால் இந்தக் கார்களில் கரும்புகை மட்டும் வரவே கூடாது. வந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது முன்பு வைத்திருந்தவர் அதைக் குடைந்து எடுத்திருக்கிறார்.

நகருக்குள்ளேயே ஓடும் காரில் இந்த எரிப்பு பாதியில் நின்று நின்று, டீசல் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். ஆயில் குறைவதைவிட ஏறுவது ஆபத்து. அளவு மீறினால் என்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாக உறிஞ்சிக்கொண்டு, சாவியை எடுத்தாலும் நிற்காமல் வெறி பிடித்ததுபோல் ஓடும், புகை தெருவை மூடும். டர்போ சீல் மொத்தமாகப் போனாலும் இப்படி ஆகும். மேனுவல் கார் என்றால் பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தி, டாப் கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு என்ஜினை மூச்சு முட்ட வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். பானட்டைத் திறந்து குனிய வேண்டாம்.

என்ஜினை இறக்கச் சொன்னால் கேட்க வேண்டிய எண்கள்

கம்ப்ரஷன் சோதனைத் தாளைக் கேளுங்கள். என்ஜின் சூடாக, எல்லா பிளக்கும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தி எடுத்ததாக இருக்க வேண்டும். பெட்ரோல் காரில் பொதுவாக 150 முதல் 190 பி.எஸ்.ஐ. வரை வரும். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம்தான் முக்கியம். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. இந்தச் சோதனை மேல் ரிங்குகளைத்தான் அளக்கும். ஆயிலை வழிக்கும் கீழ் ரிங் கரியில் ஒட்டிக்கொண்டிருந்தால் எண்கள் அருமையாக இருக்கும், ஆயில் மட்டும் மாயமாகும். வால்வு சீலும் பி.சி.வி.யும் நன்றாக இருந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கிற கார் என்றால் அப்போது ரிங் பேச்சை ஒத்துக்கொள்ளலாம்.

கெட்டி ஆயில் ஊற்றினால் புகை கொஞ்சம் அடங்கும் என்பது உண்மை. விற்கப்போகிற காருக்கு அதைத்தான் செய்கிறார்கள். பழைய கார் வாங்கப் போனால், முந்தின இரவே சொல்லி, காலையில் நீங்கள் போகும்வரை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். புகைச் சான்றிதழைக் காட்டினால் மயங்க வேண்டாம். பெட்ரோல் காருக்கு அது சூடான என்ஜினில் ஐடிலில் எடுப்பது. என் கார் கொல்லிமலைக்கு முந்தின மாதம்தான் அதில் தேறியிருந்தது.

வேலை முடிந்து காரை எடுத்து வந்த மறுநாள் காலையில் மறுபடி நீலப் புகை வந்தது. கோபத்தோடு அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். “சைலன்சருக்குள்ள இத்தனை நாள் குடிச்ச ஆயில் படிஞ்சு கிடக்கும்ல? ஒரு இருநூறு கிலோமீட்டர் ஹைவேயில ஓட்டிட்டு வா, அப்புறம் திட்டு” என்றார். சேலம் போய்த் திரும்பினேன், மறு வாரம் திருச்சி. அதற்குள் நின்றுவிட்டது.